பீற்றர் முயலைப் பெற்ற பெருமாட்டி

குழந்தைகளுக்கு நூல் எழுதுவது எளிய தொழில் என்றோர் எண்ணம் நம்மவரிடையே நெடுநாளாக வேரூன்றியிருக்கிறது. பெரியோர்க்கு எழுதிக் கைசலித்தவர்கள் ஓய்வு நேரத்திற் செய்யும் பணி அது என்று, இலக்கிய அன்பர்கள் கூடிய அவையிலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன். சித்திரம் வரைவோரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கதை எழுதி முடிந்தபின், தாளில் எங்கேனும் இடம் வெறுமையாகக் கிடந்தால் அதனை நிரப்புதற்கு அழைக்கப்படுபவராகவே அவர் கருதப்படுகிறார். இவ்வாறு எண்ணுவோர், ஆங்கில நாட்டிற் பிறந்த பியற்றிக்ஸ் பொற்றர் அம்மையாரின் வாழ்க்கையைச் சற்றே நின்று நோக்கவேண்டும் என்பது என் விருப்பம். கதையையும் அவரே எழுதினார். சித்திரத்தையும் அவரே தீட்டினார். அவருடைய பீற்றர் முயலை அறியாத ஆங்கிலக் குழந்தை அரிது எனலாம். அம்முயல் பிறந்த வரலாற்றை அறிந்தோர் நம்மிடையே சிலரே.

அம்மையார் 1866ஆம் ஆண்டு யூலை மாதம் 28ஆம் நாள், இலண்டன் மாநகரின் தென் கென்சிங்ரன் பகுதியிற் பிறந்தார். தந்தையாராகிய றூபேட் பொற்றர் நியாயவாதியாகத் தேறியவர். எனினும், துணிகளுக்கு அச்சுவேலை செய்யும் ஆலை நடத்திப் பாட்டனார் தேடிவைத்த செல்வம் மிகுதியாக இருந்தமையால், வழக்குப் பேசி வயிறு வளர்க்கவேண்டிய தேவை அவருக்கு ஏற்படவில்லை. கழகங்களிலும் புகைப்படக் கலையிலும் பொழுதைக் கழித்தார். புகழ்பெற்ற ஓவியரான மில்லே அவருடைய நண்பர். அந்த வீட்டிலே பெண்பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் வழக்கம் இல்லை. மேன்மாடியில் ஓர் அறை. வீட்டுக்கே வந்து கற்பிக்கும் ஆசிரியை ஒருத்தி. ஆறு வயது இளையவனாகிய தம்பி பேட்றம். இவ்வளவே அச்சிறுமியின் உலகம்.

ஆனால் அவ்வறையில் வேறு குடிகளும் இருந்தன. முயல், எலி, முள்ளெலி, வௌவால், தவளை, பல்லி என்று அக்காவும் தம்பியும் கண்டெடுத்த உயிர்களெல்லாம் அங்கு வளர்ந்தன. வளர்த்தவற்றை அவர்கள் வரைந்தார்கள். அவற்றுள் ஏதேனும் இறந்துபோனால் அழுதுவிட்டுப் புதைத்ததோடு அமையவில்லை. உடலை வேகவைத்துத் தசையை நீக்கி, எலும்புகளை ஒன்றோடொன்று பொருத்தி, அந்த எலும்புக்கூட்டையும் வரைந்தார்கள். கேட்போர்க்கு இது அருவருப்பாகத் தோன்றலாம். பிற்காலத்தில் அம்மையார் தீட்டிய முயலுக்கு நீலச்சட்டை அணிவித்தபோதும், அச்சட்டைக்குள்ளே இருக்கும் தோளெலும்பு முயலின் தோளெலும்பாகவே இருந்தது. நான் கீழ்வகுப்புகளிற் படிப்பித்த காலத்தில், முயல் ஒன்று கீறுங்கள் என்றால் பிள்ளைகள் இரண்டு வட்டங்களைக் கீறி, மேலே நீண்ட செவிகள் இரண்டை வைத்துவிடுவார்கள். சிறுவர் நூல்களுக்குப் படம் வரைவோருட் பலரும் அதனையே செய்கிறார்கள் என்பதைச் சொல்ல எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பதினைந்து வயதளவில் அப்பெண் ஒரு நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். அதனை எவரும் படித்துவிடாதபடி தாமே ஆக்கிக்கொண்ட மறையெழுத்தில் எழுதினார். முப்பது வயது வரையில் எழுதப்பட்ட அக்குறிப்பேடுகள் அவர் மறைந்த பின்னும் நெடுங்காலம் ஊமையாய்க் கிடந்தன. 1958இல் லெஸ்லி லிண்டர் என்பார், பக்கம் ஒன்றிலே கிடந்த ஓர் உரோம எண்ணையும் 1793 என்ற ஆண்டையும் பற்றிக்கொண்டு, அவ்வாண்டிற் கொலைத்தண்டனை பெற்ற பிரெஞ்சு மன்னன் பதினாறாம் லூயியின் பெயரை ஊகித்து, அந்தப் பூட்டைத் திறந்தார். 1966இல் நாட்குறிப்பு நூலாக வெளிவந்தது. பெரிய இரகசியம் ஏதேனும் அதில் உண்டோ என்று ஆவலோடு தேடியவர்கள் ஏமாந்திருப்பார்கள். ஓவியக் காட்சிகள், உறவினர் பேச்சு, நாட்டு நடப்பு, வளர்ப்புப் பிராணிகள் ஆகியவையே அதில் இருந்தன. தன் எண்ணங்களைச் சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லாத வீட்டில் ஒரு பெண் தன்னோடு தானே பேசிக்கொண்டாள் என்றே நான் அதனைக் கொள்கிறேன்.

பேசுவதற்கு ஆள் கிடைத்தபோது அவர் அந்தஸ்துப் பார்க்கவில்லை. குடும்பத்தார் கோடையிற் சென்று தங்கும் ஸ்கொத்லாந்து நாட்டு டங்கெல்ட் ஊரில், சாள்ஸ் மக்கின்ரொஷ் என்ற தபாற்காரர் இருந்தார். கடிதப் பையோடு நெடுந்தூரம் நடந்த காலத்திலே பாசி, பன்னம், காளான் என்பவற்றையெல்லாம் ஆராய்ந்து அறிந்தவர் அவர். 1892இல் அம்மையார் அவரைச் சந்தித்துத் தம் காளான் சித்திரங்களைக் காட்டினார். அவர் காளான்களைப் பொதிசெய்து இலண்டனுக்கு அனுப்புவார். அம்மையார் அவற்றைத் தீட்டிப் படத்தைத் திருப்பி அனுப்புவார். காளானைக் குறுக்கே வெட்டிய தோற்றத்தையும் சேர்த்து வரைய வேண்டும் என்பது போன்ற நுணுக்கங்களை அம்மையார் கற்றது அந்தத் தபாற்காரரிடத்திலேதான்.

படித்தோர் நிறைந்த இடத்திற் கிடைத்த வரவேற்பு வேறு. இரசாயன அறிஞராகிய மாமா சேர் ஹென்றி றொஸ்கோவின் துணையோடு, அவர் கியூ பூங்காவின் தாவர அறிஞர்களை அணுகினார். காளானின் வித்திகளைத் தம் வீட்டிலேயே முளைக்கச் செய்து, நுணுக்குக்காட்டியின் கீழே வைத்து வரைந்த படங்களைக் கொண்டுசென்றார். பயிற்சி பெறாத பெண் ஒருத்தியின் ஆராய்ச்சியை அவர்கள் பொருட்படுத்தவில்லை. 1897ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள், லின்னியன் கழகத்திலே அவருடைய கட்டுரை சமர்ப்பிக்கப்பட்டது. சமர்ப்பித்தவர் கியூவைச் சேர்ந்த ஜோர்ஜ் மசீ. எழுதியவர் பெண்ணாதலால் அக்கூட்டத்திற் சென்றிருக்க அவருக்கு உரிமை இல்லை. பின்னர் கட்டுரை மீளப்பெறப்பட்டு மறைந்தும் போயிற்று. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1997இல், தம் முன்னோர் அவரை நடத்திய முறை தவறு என்று அக்கழகம் ஏற்றுக்கொண்டது. அவர் தீட்டிய காளான் படங்களில் 59ஐ, 1967இல் பின்ட்லே என்னும் அறிஞர் தம் காளான் நூலிற் சேர்த்துக்கொண்டார். படங்கள் அத்துணைத் திருத்தமாக இருந்தன.

இனி முயலிடம் வருவோம். வீட்டிற் கற்பித்த ஆசிரியைகளுள் கடைசியாக வந்தவர் அன்னி காட்டர் என்னும் இளம்பெண். மாணவிக்கும் ஆசிரியைக்கும் மூன்று வயதே வேறுபாடு. அன்னி மணமுடித்து மூர் என்னும் பெயர் பெற்றுத் தனிக்குடித்தனம் சென்றபின்னும் நட்புத் தொடர்ந்தது. அவருடைய மூத்த மகன் நோயல் ஐந்து வயதில் நோயுற்றுப் படுக்கையிற் கிடந்தான். டங்கெல்ட்டில் இருந்த அம்மையார் 1893ஆம் ஆண்டு செப்ரெம்பர் 4ஆம் நாள் அவனுக்கு ஒரு கடிதம் எழுத அமர்ந்தார். எழுதச் செய்தி ஒன்றும் இல்லை. ஆகவே நான்கு முயற்குட்டிகளின் கதையை எழுதி, வரிகளுக்கு இடையிடையே பேனாவினாற் படங்களும் கீறி அனுப்பினார். அடுத்த நாள் நோயலின் தம்பிக்கு ஒரு தவளையின் கதை சென்றது. மூத்தவனுக்கு மட்டும் கடிதம் வந்தால் இளையவன் மனம் என்ன பாடுபடும் என்பது பிள்ளைகளோடு பழகினவர்க்கே தெரியும்.

ஏழாண்டுகள் கழிந்தன. இக்கடிதங்களை நூலாக்கலாமே என்று அன்னி மூர் கூறினார். நோயல் தன் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தான். அதை இரவல் பெற்றுப் படியெடுத்து, கதையைச் சற்று நீட்டி, அம்மையார் பதிப்பாளர்களுக்கு அனுப்பினார். குறைந்தது அறுவர் மறுத்தனர். ஒருவர் நூல் பெரிதாக இருக்கவேண்டும் என்றார். மற்றொருவர் செய்யுளாக இருந்தால் நலம் என்றார். அம்மையார் விட்டுக்கொடுக்கவில்லை. சிறு கைகளிற் பிடிக்கத்தக்க சிறு நூலாக இருக்கவேண்டும். தம்முடைய சின்னஞ்சிறு வாடிக்கையாளர் ஆறு சிலின் கொடுத்து வாங்கமாட்டார்களாதலால் விலை ஒரு சிலினாக இருக்கவேண்டும் என்று நின்றார். முடிவிலே தம் சொந்தப் பணத்தில் 250 பிரதிகள் அச்சிட்டு, 1901 டிசெம்பரில் நண்பருக்கும் உறவினருக்கும் வழங்கினார். அவை தீர்ந்துபோகவே, மேலும் 200 அச்சிட்டார்.

முன்னர் மறுத்திருந்த பிரெடரிக் வோர்ன் கம்பனியார் இப்போது இசைந்தனர். எல்லாப் படங்களும் வர்ணத்தில் இருக்கவேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. முயலும் புல்லும் மண்ணுமாக எல்லாம் தவிட்டு நிறமும் பச்சையுமே, வர்ணம் எதற்கு என்று அம்மையார் கருதினார். ஆயினும் இணங்கி மீண்டும் தீட்டினார். மூவர்ண முறையில் அச்சாகிய நூல் 1902 ஒக்ரோபரில் வெளிவந்தது. முதற்பதிப்பின் 8,000 பிரதிகளும் வெளிவருமுன்னரே விலைபோயின. ஆண்டு முடிவதற்குள் 28,000 பிரதிகள் அச்சாகிவிட்டன. அமெரிக்காவிலே உரிமையைப் பதிவுசெய்யக் கம்பனியார் தவறியதால், அங்கு திருட்டுப் பதிப்புகள் தாராளமாகப் பெருகின. 1903இல் முயற்பொம்மை ஒன்றைத் தாமே தைத்து அம்மையார் உரிமை பதிந்துகொண்டது, அந்தப் பாடத்தின் பயனாக இருக்கலாம்.

அந்நூலைப் படிக்கும் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பீற்றரின் தந்தை தோட்டக்காரர் வீட்டு அடுப்பிற் சமையலாகிவிட்ட செய்தி, கதையின் தொடக்கத்திலேயே தாயின் வாயால் வருகிறது. அழுகையோ பூசிமெழுகலோ இல்லை. முயலுக்கு மனிதரால் நேர்வது அதுதான் என்பதை அவர் பிள்ளைகளுக்கு மறைக்கவில்லை. பீற்றர் சட்டையோடு நிற்கும்போது குறும்புச் சிறுவனாகத் தோன்றுகிறான். சட்டையை வலையிலே இழந்து ஓடும்போது நான்கு கால் முயலாகிவிடுகிறான். அச்சம் வந்தபோது வேடம் கலைவதை எழுத்தில் ஓரிடத்தும் சொல்லாமற் சித்திரத்தாற் சொல்கிறார். கதையும் படமும் ஒரே உள்ளத்திற் பிறந்ததனால் வந்த பேறு இது. கடுஞ்சொற்களுக்கும் அவர் அஞ்சியதில்லை. சலாது இலையை மிகுதியாகத் தின்ற முயல்கள் உறங்கிப்போன கதை 1909இல் வந்தது. அதன் முதல் வாக்கியத்திலேயே, தூக்கம் வருவிப்பது என்ற பொருளில் வைத்தியர்கள் ஆளும் சொல் ஒன்றைத் துணிந்து வைத்திருக்கிறார். சிறுவர் நூலில் இரண்டெழுத்துச் சொல்லுக்கு மேல் வரலாகாது என்பாருக்கு இதை நான் காட்டுவதுண்டு.

குளொஸ்ரர் நகரத் தையற்காரரின் கதையையே நான் அவர் நூல்களுள் முதலாவதாக வைப்பேன். அவருக்கும் அதுவே மிக விருப்பமானது. நோய்ப்பட்ட முதியவர் ஒருவரின் வேலையை எலிகள் இரவிலே முடித்துவைக்கும் கதை அது. அக்கதைக்கு வேண்டிய பழங்காலப் பூவேலை உடைகளை, தென் கென்சிங்ரன் நூதனசாலையிற் பேழையிலிருந்து வெளியே எடுப்பித்து, நூலிழை பிசகாமல் வரைந்தார். எல்லா நூல்களும் இத்தரத்தன அல்ல. மிகச் சிறு பிள்ளைகளுக்கென்று 1906இல் மடிப்புத்தாள் வடிவிலே சில கதைகளை வெளியிட்டார். கடைக்கு வந்தவர்களெல்லாம் இழுத்து விரித்துப் பார்த்துவிட்டுப் போக, மடித்துமடித்து அலுத்த கடைக்காரர்கள் அவற்றை வாங்கவே மறுத்தனர்.

வோர்ன் கம்பனியை நடத்திய சகோதரர் மூவருள் இளையவர் நோர்மன். அம்மையாரின் நூல்களைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்கு வாய்த்தது. நாள்தோறும் என்று சொல்லத்தக்கவாறு இருவரிடையே கடிதங்கள் சென்றன. எந்தப் படத்தை நீக்குவது, எந்த வரி நீளமானது, பூனையின் முகம் சரியா என்பனவே அவற்றின் பொருள். நேரில் அலுவலகம் செல்வதானால் துணைக்கு ஒரு பெண் உடன் வருவாள். முப்பத்தைந்து வயதைக் கடந்தும் தாயின் அனுமதியின்றி வெளியே செல்லும் உரிமை அவருக்கு இல்லை.

இரண்டு எலிகள் ஒரு பாவை வீட்டினுட் புகுந்து அட்டகாசம் செய்யும் கதையை 1904இல் அவர்கள் ஆக்கியபோது இது வெளிப்பட்டது. நோர்மன் தம் தமையன் மகளுக்கென்று கட்டிய பாவை வீடு ஒன்று சேபிற்றனில் இருந்தது. அதனைப் பார்த்து வரையுமாறு அழைத்தார். வணிகக் குடும்பத்தாரோடு மகள் நெருங்குவதை விரும்பாத தாய் தடுத்துவிட்டார். நோர்மன் அவ்வீட்டைப் புகைப்படம் எடுத்து அனுப்பினார். பாவைகளை வாங்கி அனுப்பினார். சாந்தினாற் செய்த பொய் உணவுப் பண்டங்களையும் அனுப்பினார். கதைக்கு மாதிரியாக அம்மையார் வளர்த்த எலிகள் குடியிருக்கக் கண்ணாடி வைத்த பெட்டிவீடு ஒன்றையும் தம் கையாற் செய்து கொடுத்தார். ஒரு வீட்டின் வாயிலை மிதிக்க விடப்படாத பெண், அவ்வீட்டின் ஒவ்வொரு மூலையையும் வரைந்து முடித்தார்.

1905 யூலையில், அவ்வெலிகளுள் ஒன்று தொங்குவிளக்கிலிருந்து தவறி வீழ்ந்தது. தள்ளாடியபடியே நோர்மன் செய்துதந்த வீட்டினுள் ஏறிச்சென்று, சிறிது நேரத்தில் அம்மையாரின் கையிலேயே உயிர்விட்டது. அச்செய்தியை நோர்மனுக்கு அவர் எழுதினார். சில நாட்களில், யூலை 25ஆம் நாள், நோர்மனிடமிருந்து வந்த கடிதம் அவரை மணம்புரிய விரும்புவதாகக் கேட்டது. பெற்றோர் கொதித்தெழுந்தனர். அவர்களுடைய செல்வமும் துணி அச்சிட்டு விற்ற செல்வந்தான் என்பது அவர்களுக்கு நினைவில் இல்லை. முப்பத்தொன்பதாம் வயதை எட்டிக்கொண்டிருந்த அம்மையார் முதன்முறையாகப் பெற்றோரை எதிர்த்து நின்று, இசைவு தெரிவித்து மோதிரம் அணிந்துகொண்டார். நிச்சயத்தை வெளியே அறிவிக்கக்கூடாது என்பதற்கு மட்டும் உடன்பட்டார். ஒரு மாதமே சென்றது. ஓகஸ்ற் 25ஆம் நாள், இரத்தப் புற்றுநோயால் நோர்மன் இறந்தார். வயது 37. அம்மையார் அப்போது வேல்ஸ் நாட்டிற் குடும்பத்தாரோடு இருந்தார். வெளிப்படாத நிச்சயம் ஆதலால், துக்கமும் வெளிப்படக்கூடாத துக்கமாயிற்று.

அவ்வாண்டிலேயே, நூல்கள் ஈட்டிய பணத்தோடு சிற்றன்னை ஒருவர் விட்டுச்சென்ற சிறு தொகையையும் சேர்த்து, ஏரி மாவட்டத்துச் சோறி என்னும் சிற்றூரில் ஹில் ரொப் என்ற பண்ணையை அவர் வாங்கினார். பெற்றோரை விட்டு முற்றாகப் பிரிய இயலவில்லை. கிடைத்த நாட்களில் அங்கு சென்று தங்கினார். அடுத்த எட்டு ஆண்டுகளில் வந்தவையே அவருடைய நூல்களுட் பாதிக்கு மேற்பட்டவை. அப்பண்ணையின் படிக்கட்டு, அடுப்பங்கரை, வாயில் எல்லாம் அவற்றிற் காணலாம். முட்டையிடத் தனியிடம் தேடி நரியிடம் ஏமாந்த வாத்து, அப்பண்ணையிலேயே வளர்ந்த வாத்து. பிரிவின் துயரம் அந்நூல்களில் எங்கே என்று தேடுவோர் உண்டு. நான் தேடவில்லை. அவை பார்த்துப் பார்த்துச் செய்யப்பட்டிருக்கும் விதமே எனக்குப் போதுமானது.

நிலம் வாங்கும் விடயங்களில் அவருக்கு உதவியவர் வில்லியம் ஹீலிஸ். நம் நாட்டில் முன்னர் பிரக்கிராசி என வழங்கப்பட்டாரே, அத்தகைய சட்டத் தொழிலர். அவரை மணக்க விரும்பியபோதும் பெற்றோர் முன்போலவே தடை கூறினர். அப்போது தம்பி பேட்றம் வாய்திறந்தார்: தாம் பதினொரு ஆண்டுகளுக்கு முன்னரே வீட்டாருக்குத் தெரியாமல் மணமுடித்து ஸ்கொத்லாந்திற் பண்ணை நடத்திவருவதாக. அதன்பின் தமக்கையைத் தடுக்க அவர்களிடம் நியாயம் எஞ்சவில்லை. 1913 ஒக்ரோபர் 15ஆம் நாள், 47ஆம் வயதில், அவர் திருமதி ஹீலிஸ் ஆனார்.

பின்னைய முப்பது ஆண்டுகள் பண்ணைக்காரியின் ஆண்டுகள். 1917இல் வோர்ன் சகோதரருள் மூத்தவர் கள்ளக் கையொப்பக் குற்றத்திற்காகச் சிறைசென்று கம்பனி கவிழ இருந்தபோது, பழைய ஏடுகளிலிருந்து ஒரு பாட்டுநூலைத் தொகுத்துக் கொடுத்து உதவினார். ஆயினும் பார்வை மங்கியது. மனமும் ஆடுகளிடம் சென்றுவிட்டது. ஹேட்விக் என்னும் மலைச் செம்மறிகளை வளர்ப்பதிற் பெயர்பெற்றார். எழுத்தாளராகக் கொண்டாடத் தேடிவந்த சொந்த நாட்டாரை அவர் பெரும்பாலும் விரும்பவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த நூலகர்களை மட்டும் வீட்டினுள் அழைத்துப் பேசினார். 1921இல் நியூயோர்க் நூலகத்துச் சிறுவர் பகுதித் தலைவியாகிய ஆன் கரல் மூர் வந்தபோது, தம் படங்களை எடுத்துக் காட்டினார். சிறுவர் நூலை ஓர் இலக்கியமாக மதித்துக் கேள்வி கேட்போர் அங்கிருந்தே வந்தார்கள் என்பது காரணமாகலாம். 1933இல் கிரஹம் கிரீன் அவருடைய நூல்களை ஆராய்ந்து, ஒரு காலத்தில் ஏதோ மனத்துயரம் அவர் எழுத்தை இருளச் செய்திருக்கவேண்டும் என்று எழுதினார். அம்மையார் கடுத்துப் பதில் விடுத்தார்: அந்நூலை எழுதியபோது தமக்கிருந்தது காய்ச்சலின் பின்விளைவேயன்றி மனக்கலக்கம் அன்று என்றும், புரொயிட் வழித் திறனாய்வு தமக்கு உவப்பில்லை என்றும். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் அடக்கிவைக்கப்பட்ட ஒரு துக்கத்தை அறிந்த நான், அந்தப் பதிலைப் படித்து நெடுநேரம் சிந்தித்திருக்கிறேன்.

1943 டிசெம்பர் 22ஆம் நாள் சோறியில் அவர் காலமானார். இளமையில் அவரை எழுத ஊக்கிய பாதிரியார் றோன்ஸ்லி, 1895இல் நிலங்களையும் பழைய மனைகளையும் காக்கும் தேசிய அறநிலையத்தை நிறுவியோருள் ஒருவர். அந்நிலையத்துக்கே, நாலாயிரத்துக்கு மேற்பட்ட ஏக்கர் நிலமும் பதினைந்து பண்ணைகளும் அவர் விருப்பாவணப்படி சென்றன. மலைப் பண்ணைகளிற் கலப்பற்ற ஹேட்விக் செம்மறிகளையே தொடர்ந்து வளர்க்கவேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தார். உடல் தகனம் செய்யப்பட்டது. பண்ணையாளரான ரொம் ஸ்ரோறி, அம்மையார் சொல்லிவைத்தபடியே, சாம்பலை ஹில் ரொப்பை அடுத்த மேட்டுநிலத்தில் ஓரிடத்திலே தூவிவிட்டு, அந்த இடத்தை எவருக்கும் காட்டாமல் வீடு திரும்பினார்.